தம்பி பெயரில் ஆடியவன்

பெட்ரோலினா,
3 மார்ச் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் செனாய்டியும் மகள் நீல்தாவும் சுகம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலை போன வாரம்தான் முடிந்தது. உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? போர்த்துகல் குளிர் அதற்கு ஆகவில்லை என்று எழுதியிருந்தாய்.

நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டைச் செனாய்டி முகம் பார்க்கும் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள். "எவால்டோவின் இரண்டு கோல்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். நான் சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் முகம், ஓரத்தில் உன் படம், அதற்குக் கீழே என் பெயர். சிரிப்பு வந்து இரண்டு தடவை கன்னத்தில் கீறிக்கொண்டேன்.

நீல்தாவைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். ஆறு வயது ஆகிவிட்டது. டீச்சர் நோட்டைத் திறந்துகொண்டு, "அப்பா பேரு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீல்தா சத்தமாக, "ஜுரன்டீர்!" என்றாள். டீச்சர் எழுதிக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அது உறுத்திக்கொண்டே வந்தது.

அண்ணே, பதின்மூன்று வருஷம் ஆகிறது. நம் ஊர் உமாரியில் காய்ந்த ஆற்று மணலில் நாம் பந்தாடிக்கொண்டிருந்தபோது ரெசிஃபே கிளப்புக்கு ஆள் தேர்வு செய்ய ஒருவர் வந்தாரே, அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பதினேழு தாண்டியிருந்தா என் நேரத்தை வீணாக்காதீங்க." உனக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினாறு. அப்பா வீட்டுக்குள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து என் பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்து உன் கையில் கொடுத்தார். "ஒரு வருஷந்தான்டா. அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நீ எவால்டோ ஆனாய். நம்மைத் தெரியாத ஊராக இருக்கட்டும் என்று அப்பா என்னை இங்கே கூட்டி வந்தார், நான் ஜுரன்டீர் ஆனேன். தொழிலாளர் அட்டை, கல்யாணப் பதிவு, நீல்தாவின் சான்றிதழ், எல்லாவற்றிலும் உன் பெயர். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்கு என் பெயர் வேண்டும் அண்ணே. நீ எப்போது ஆட்டத்தை நிறுத்துவாய் என்று சொல். அன்றைக்கே உமாரி பதிவகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேறு அவசரம் ஒன்றும் இல்லை. நீல்தாவுக்காகத்தான்.

அவள் உன்னைச் சித்தப்பா என்றுதான் சொல்கிறாள். பேப்பர்படி நீதானே இளையவன்! பெரியப்பா என்று திருத்த முடியவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி


ஃபாரோ, போர்த்துகல்,
2 ஏப்ரல் 1985

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் சௌக்கியம். முழங்கால் பரவாயில்லை, ஊசி போட்டால் ஒரு ஆட்டத்துக்குத் தாங்குகிறது. செனாய்டிக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

நீ கேட்டது நியாயம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நேரம் பார்த்துக் கேட்டாயே! பேப்பர்படி எனக்கு இருபத்தொன்பது. ஹாங்காங்கிலிருந்து ஒரு கிளப் கூப்பிடுகிறது. முப்பத்திரண்டு என்று தெரிந்தால் அவன் பேச்சை எடுப்பானா? அதைவிட, விஷயம் வெளியே வந்தால் எந்த நாட்டிலும் ஆட விடமாட்டார்கள். பொய்ப் பாஸ்போர்ட் என்று உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள். எனக்கு வேறு என்ன வேலை தெரியும், சொல்? பந்து உதைப்பதைத் தவிர எதையாவது நான் உருப்படியாகச் செய்து பார்த்திருக்கிறாயா?

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை கடைசி நிமிஷத்தில் தலையால் ஒரு கோல் போட்டேன். மைதானம் முழுக்க "எவால்டோ! எவால்டோ!" என்று கத்தினார்கள். கையைத் தூக்கிக் காட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு உன் ஞாபகம்தான். இத்தனை பேர் உன்னைத்தானே கூப்பிடுகிறார்கள், நீ இங்கே இல்லையே என்று இருந்தது.

ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கொள். நீல்தாவுக்கு வெள்ளைக் காலணி அனுப்பியிருக்கிறேன். சித்தப்பா கொடுத்தது என்றே சொல், பரவாயில்லை.

அன்புடன்
அண்ணன்


பெட்ரோலினா,
9 ஜூன் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். காலணி வந்தது. கொஞ்சம் பெரிது, நுனியில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் டக் டக்கென்று நடக்கிறாள்.

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. ரெசிஃபேக்கு ஒரு வேலையாகப் போய் நாலு நாள் இருக்க வேண்டி வந்தது. வந்ததும் தோட்டத்தில் என்னை எடை போடும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்தபடியே வேலை. கூடையை மற்றவர்கள் தூக்கி வைப்பார்கள், நான் முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது மட்டும்தான். "முதலாளி ஆயிட்டீங்க" என்று செனாய்டி கேலி செய்கிறாள்.

நீ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு ஞாயம். உங்க அண்ணன் பேருக்குக் கழுத்தை நீட்டிட்டு உங்களுக்குச் சோளப்புட்டு அவிச்சுப் போடறேன். ரெண்டு பேர்ல யாரு எனக்குத் துணி எடுத்துத் தர்றதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க" என்றாள். நீ கட்டாயம் அவளுக்கு ஒரு துணி வாங்கி அனுப்ப வேண்டும். பேப்பர்படி உன் பெண்டாட்டி!

ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம். சரி.

ஒரு விஷயம். உமாரி வீட்டு மண்சுவர் வெடிப்பில் ஒரு பூச்சி இருக்குமே, தூங்கும்போது முகத்தில் கடிக்கும், அது உன்னையும் கடித்திருக்கிறதா? அங்கே கிளப் டாக்டரிடம் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல். அது பல வருஷம் கழித்து வேலையைக் காட்டுமாம். வானொலியில் சொன்னார்கள். மறந்துவிடாதே, பார்த்துவிட்டு எனக்கு எழுது.

உன் தம்பி


ஹாங்காங்,
20 அக்டோபர் 1985

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் நலம். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? நாலு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். உன் கடிதம் ஃபாரோவுக்குப் போய், அங்கிருந்து சுற்றி இங்கே வந்து சேர்ந்தது.

இந்த ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு வார்த்தையும் புரியவில்லை. உன் பெயர் இவர்கள் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. "ஏ வா தோ" என்று மூன்று துண்டாக்கிக் கூப்பிடுகிறார்கள். கோல் அடித்தால் மட்டும் ஒழுங்காக வருகிறது! இதுவரை ஏழு. மைதானத்துக்கு எதிரே மாடி வீடுகளில் துணி காய்கிறது, அதன் நடுவே தலையை நீட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஆட்கள் பார்க்கிறார்கள்.

நீ சொன்ன ரத்தப் பரிசோதனை செய்தாகிவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. இத்தனை அக்கறையாகக் கேட்டாயே, வானொலியில் சொல்வதையெல்லாம் கேட்டுப் பயந்துகொண்டிருக்காதே.

செனாய்டிக்குப் பட்டுத் துணி அனுப்புகிறேன். என் பெண்டாட்டிக்கு என்று சொல்லிக் கொடு, அடிப்பாள்.

அன்புடன்
அண்ணன்


பெட்ரோலினா,
15 ஜனவரி 1986

மரியாதைக்குரிய மூத்தாருக்கு,

செனாய்டி எழுதிக்கொண்டது. நீங்கள் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் மன்னியுங்கள். துணி கிடைத்தது, ரொம்ப அழகு. இன்னும் தைக்கவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. அவர் உங்களிடம் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். அந்தப் பூச்சி அவரைக் கடித்திருக்கிறது. போன வருஷம் ரெசிஃபேக்குப் போனது ஆஸ்பத்திரிக்குத்தான். இதயம் பெருத்துப் போயிருக்கிறது, இனிமேல் சுருங்காது என்று டாக்டர் சொன்னார். "எவ்வளவு நாள் டாக்டர்?" என்று நான் தனியாகக் கேட்டேன். "ரெண்டு வருஷம் இருந்தா நல்லது. அதை நம்பி இருக்காதீங்கம்மா" என்றார். அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது வாசலில் உள்ள மூன்று படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். கால் வீங்குகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலேயே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது; அவர் பெயரைக் கேட்டது நீல்தாவின் பள்ளிக்காக இல்லை. "செத்தா என் பேர்ல சாகணும் செனா. அவன் பேர்ல செத்தா அவனைக் கொன்ன மாதிரி இருக்கும்" என்று என்னிடம் சொன்னார். உங்களிடம் எழுதச் சொன்னதற்கு, "அவன் பயந்துடுவான், ஆட்டம் போயிடும்" என்றார்.

நீங்கள் வாருங்கள். வர முடியாவிட்டால், பதிவகத்துக்குப் போகலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

செனாய்டி


லா பாஸ், பொலிவியா,
30 மார்ச் 1986

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? விலாசத்தைப் பார்த்து ஆச்சரியப்படாதே. ஹாங்காங்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வேண்டாம் என்று பேச்சு கிளம்பியது. துரத்துவதற்கு முன்னால் ஜனவரி முதல் வாரமே கிளம்பிவிட்டேன். இந்தப் பதின்மூன்று பதினான்கு வருஷத்தில் இது எனக்கு ஒன்பதாவது கிளப். பெட்டியைப் பிரித்து அடுக்குவதே இல்லை, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

இந்த ஊர் மலை உச்சியில் இருக்கிறது. காற்றே கிடையாது. பத்து எட்டு ஓடினால் நெஞ்சு அடைக்கிறது, கண் இருட்டுகிறது. இரண்டு ஆட்டத்தில் ஓரமாகப் போய்க் குனிந்து நின்றுவிட்டேன். மூச்சு வாங்க முடியாமல் நிற்பது எவ்வளவு கொடுமை என்று உனக்குத் தெரியாது தம்பி. நீ நிழலில் உட்கார்ந்து எடை பார்க்கிற மகாராஜா!

இப்போது நல்ல சேதி. ரெசிஃபேயிலிருந்து ஒரு கிளப் என்னைக் கேட்கிறது. ஊரோடு வந்து இரண்டு வருஷம் ஆடி முடித்துவிடலாம். அக்டோபரில் கையெழுத்து, ஜனவரியில் நான் அங்கே. பெட்ரோலினாவுக்கு பஸ் பிடித்தால் ஒரு பகல். ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் திங்கட்கிழமை உன் வீட்டில் சாப்பிடுவேன். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேருமே உமாரிக்குப் போய்ப் பதிவகத்தில் பேசலாம், எதையாவது செய்து சரிக்கட்டலாம். அதுவரை மூச்சு விடாதே. ஒரு வருஷம் என்று சொன்னேன், கொஞ்சம் கூடிப் போகிறது. அண்ணனை மன்னித்துவிடு.

அன்புடன்
அண்ணன்


பெட்ரோலினா,
25 ஜூன் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

புனித ஜான் திருவிழா நேற்று முடிந்தது. தெருவில் நெருப்பு மூட்டிச் சோளம் சுட்டார்கள். ஆனால் ஒருவன் முகத்திலும் சிரிப்பு இல்லை. சனிக்கிழமை உலகக் கோப்பையில் நம் நாடு தோற்றதை நீயும் பார்த்திருப்பாய். தோட்ட மேனேஜர் வீட்டு டி.வி. முன்னால் எண்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பிரான்ஸ்காரன் கடைசிப் பெனால்டியை உள்ளே அடித்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. அழுக்குச் சட்டையோடு ஒரு கிழவர் மட்டும், "வீட்டுக்குப் போங்கப்பா, மாடு கத்துது" என்றார். வரும் வழியில் நீல்தா, "எவால்டோ சித்தப்பா ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம்லப்பா?" என்று கேட்டாள். "கண்டிப்பா" என்றேன்.

மூச்சு அடைத்தால் ஒன்று செய். குனிந்து நிற்காதே. கால் இரண்டையும் தொங்கப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைக் குவித்து மெல்ல ஊது. அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் அடைக்கும். இங்கே ஒருவருக்கு இப்படித்தான் இருக்கிறது, அவர் சொன்னார்.

ஜனவரியில் வருகிறாய் என்பதைப் பத்துத் தடவை படித்தேன். திங்கட்கிழமை உனக்கு வெயிலில் உலர்த்திய இறைச்சியும் மரவள்ளி மாவும் என்று செனாய்டி இப்போதே சொல்லிவிட்டாள். ஜனவரிக்குக் கொஞ்சம் முன்னால் வர முடிந்தால் பார். முடியாவிட்டால் பரவாயில்லை. பெயர் விஷயம் எங்கே ஓடிப் போகிறது. நீ வா, அது போதும்.

உன் தம்பி


லா பாஸ்,
12 ஆகஸ்ட் 1986

அன்புள்ள செனாய்டிக்கு,

நீ ஜனவரியில் எழுதிய கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. உறை முழுக்க முத்திரை. நான் கிளம்பிய பிறகு ஹாங்காங் போய், அங்கே ஆறு மாதம் எவன் மேஜையிலோ கிடந்து, இங்கே வந்திருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூச்சு வாங்குவது உனக்குத் தெரியாது என்று நான் அவனுக்கு எழுதினேனே! அவன் அதைப் படித்துவிட்டு எனக்கு வைத்தியம் சொல்லி எழுதியிருக்கிறான்.

அவன் எப்படி இருக்கிறான்? ரெசிஃபேயில் பெரிய டாக்டர் யாராக இருந்தாலும் காட்டு. நான் இன்றைக்கே கிளம்பியிருப்பேன். ஆனால் அக்டோபர் பத்தாம் தேதி கையெழுத்து. நடுவில் கிளம்பினால் இந்தக் கிளப் என் பேப்பர்களைத் தராது, ரெசிஃபே போய்விடும். அது போனால் நான் ஊருக்கு எந்த முகத்தோடு வருவேன்? கையெழுத்து ஆன மறுநாள் விமானம் ஏறிவிடுவேன். இரண்டே மாதம். அதுவரை அவனைப் பார்த்துக்கொள். பதிவகத்துக்கும் அதுவரை போக வேண்டாம், அங்கே ஒரு வாய் திறந்தால் பத்திரிகைக்குப் போய்விடும். எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லாதே.

இரண்டு மாதம், செனாய்டி. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜு.


பெட்ரோலினா,
28 செப்டம்பர் 1986

மூத்தாருக்கு,

செனாய்டி எழுதுவது. தந்தி கிடைத்திருக்கும். பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ஆகஸ்ட் கடிதம் இந்த மாதம் ஐந்தாம் தேதி வந்தது. அவரிடம் படித்துக் காட்டவில்லை. இரண்டு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் இரண்டு மாதம் இல்லை என்று அவரைப் பார்த்தாலே தெரிந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்னால் ரெசிஃபே பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். நீங்கள் திரும்பி வருவதைப் பற்றி எழுதுகிறாராம். இவர் ஊஞ்சல் படுக்கையில் சாய்ந்திருந்தார். நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கதான் எவால்டோவுக்கு அண்ணனா?"

"ஆமா. ஜுரன்டீர்."

"தப்பா எடுத்துக்காதீங்க. உமாரிக்குப் போயிருந்தேன். பந்தாடப் போனது மூத்தவன்தான்னு அங்க ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரு."

ஒரே ஒரு வார்த்தை. அவர் தலையை ஆட்டியிருந்தாலே அவருடைய பெயர் அவருக்கு வந்திருக்கும். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சிரித்தார்.

"யாரோ கள்ளு கொடுத்து உங்களை அனுப்பிட்டாங்க போல. என்னைப் பாருங்க சார். இந்த மூஞ்சிய இளையவன் மூஞ்சின்னு சொல்வீங்களா? அவன் என் முதுகுல மூத்திரம் போனவன் சார், நான் தூக்கி வளத்தேன்."

பத்திரிகைக்காரர் பார்த்தார். முப்பது வயது ஆளுக்கு ஐம்பது வயது முகம், வீங்கிய கால். நோட்டை மூடினார். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்திரிகைக்காரர் போனதும் நான் இவரிடம் சண்டை போட்டேன். "இத்தனை வருஷமாக் கேட்டீங்களே, வாசல் வரைக்கும் வந்துச்சே, ஏன் தொரத்துனீங்க?" என்றேன். "சொல்லியிருந்தா அவன் ஊருக்கு வர்ற வழி அடைஞ்சிடும் செனா. பதினாலு வருஷமாச்சு அவனைப் பாத்து. பேரு கெடக்கட்டும், அவன் வரட்டும்" என்றார்.

ஒன்பதாம் தேதி காலையில் சவரம் செய்துகொண்டார். காப்பி குடித்தார். டம்ளரை என்னிடம் நீட்டினார், நான் வாங்குவதற்குள் கை விழுந்துவிட்டது.

நீல்தாவை அடுத்த வீட்டில் விட்டிருந்தோம். அப்பாவின் முகத்தை அவளுக்குக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. பாதிரியார், "உம்முடைய ஊழியன் ஜுரன்டீரின் ஆத்துமாவை" என்று ஜெபித்தார். நான் கத்தியிருப்பேன். நீங்கள் பொறுக்கச் சொன்னீர்கள் என்று பொறுத்துக்கொண்டேன். சிலுவையிலும் ஜுரன்டீர் என்றுதான் எழுதியிருக்கிறது.

இனி இங்கே உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

செனாய்டி


லா பாஸ்,
25 அக்டோபர் 1986

செனாய்டிக்கு,

உன் நலம் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நீயும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்?

தந்தி கிளப் ஆபீசுக்கு வந்தது. செயலாளர் எல்லோர் முன்னாலும் பிரித்துப் படித்தார். "ஜுரன்டீர் இறந்துட்டாருன்னு இருக்கு. யாருப்பா, உன் அண்ணனா?" என்றார். ஆமாம் என்றேன். என் வாயாலேயே, ஆமாம் என் அண்ணன் செத்துவிட்டான் என்றேன். தோளைத் தட்டி, ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் உட்கார்ந்துகொள் என்றார்கள். நான் ஆடினேன். ஏன் ஆடினேன் என்று கேட்காதே. அறையில் தனியாக இருக்க முடியவில்லை. இரண்டாவது பாதியில் பந்து தானாக வந்து காலில் பட்டு உள்ளே போனது. கூட்டம் "எவால்டோ" என்று எழுந்து கத்தியது. எனக்குக் கை தூக்க வரவில்லை. புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் உட்கார்ந்தேன் என்று மறுநாள் எழுதியிருந்தார்கள்.

அதற்கப்புறமும், உனக்குப் பதில் போடாமல், பத்தாம் தேதிக்காகக் காத்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காத்திருந்தேன். உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. பத்திரிகைக்காரரிடம் அவன் சொன்னதைப் படித்தேன். ஒன்பதாம் தேதி காலை நம் தூதரகத்துக்குப் போனேன்.

"நான் எவால்டோ இல்லை. எவால்டோ என் தம்பி. என் பெயர் ஜுரன்டீர்" என்றேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன். விவரம் எல்லாம் எழுதிக்கொண்டு, ஊருக்குச் செய்தி அனுப்பி விசாரித்தார். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார். "நீங்க சொல்ற ஜுரன்டீர் செப்டம்பர் ஒன்பதாம் தேதி பெட்ரோலினாவில இறந்துட்டாரு, பதிவு இருக்கு. எவால்டோவும் நீங்க இல்லைங்கிறீங்க. அப்ப நான் யாருக்குப் பேப்பர் போடறது?" என்றார்.

கிளப் என்னை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டது. ரெசிஃபேயில் கதவு மூடிவிட்டது. பத்திரிகையில் நீ பார்த்திருப்பாய். எது போனாலும் வலிக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார்கள், அதனால்தான் வர முடியவில்லை. வேறு பேப்பர் கிடைக்கும்வரை இங்கே ஒரு மரக் கடையில் பலகை அடுக்குகிறேன்.

முத்திரை போட்ட வாக்குமூலம் இதோடு இருக்கிறது. நீதிபதியிடம் கொடு. அவன் பெயர் அவனுக்கு வரட்டும். மன்னிப்புக் கேட்கவில்லை செனாய்டி. கேட்டு, நீ கொடுத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

ஜுரன்டீர்


பெட்ரோலினா,
14 ஜூன் 1987

மூத்தாருக்கு,

செனாய்டி எழுதுவது. நீல்தாவும் நானும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். உங்களுடைய நாலு கடிதமும் வந்தன. பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

நீதிமன்றத்துக்கு ஏழு தடவை போனேன். முதல் தடவை நீதிபதி, "புதைச்சிருக்கிறது யாரும்மா?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர், எவால்டோ" என்றேன். வெளி ஆள் ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் வீட்டுக்குள்ளேகூட அப்படிக் கூப்பிட்டதில்லை, எங்கேயாவது வாய் தவறிவிடும் என்று. போன மாதம் உத்தரவு வந்தது. இறப்புப் பதிவைத் திருத்திவிட்டார்கள். உங்களை உயிரோடு இருப்பதாக எழுதிக்கொண்டுவிட்டார்கள், நகல் இதோடு வைத்திருக்கிறேன். தூதரகத்தில் காட்டினால் பாஸ்போர்ட் தருவார்களாம். பள்ளி நோட்டிலும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

சிலுவையையும் மாற்றினோம். முந்தாநாள் பெயின்டர் வந்து பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு எவால்டோ என்று எழுதினார். நல்ல கையெழுத்து. ஈரம் காய்ந்ததும் நீல்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் அங்கே வைத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். திரும்பவும் படித்தாள். "அம்மா, இது பந்தாடுற சித்தப்பா பேரு."

"ஆமாடி. ஆனா உண்மையில..."

"அப்ப உள்ள இருக்கிறது சித்தப்பாவா?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பேச விடவில்லை. அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? ஒன்பது மாதமாக அந்த முகத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப அப்பா சாகலையா? எனக்கு அப்பவே தெரியும்மா. நீங்க யாருமே எனக்குக் காட்டலையே! அப்பா எப்பம்மா வருவாரு?"

வீட்டுக்கு வந்ததிலிருந்து வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு நாளாக விதம்விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெயரை மாற்றிக்கொண்ட கதையைச் சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறாள், கேட்டு முடித்ததும் மறுபடி தெருவைப் பார்க்கிறாள்.

என்னால் முடியவில்லை. நீங்கள் வந்து அவளிடம் சொல்லுங்கள்.

செனாய்டி